நாட்கணக்கும் ஆட்கணக்கும்

தைப்பூசத்தன்று பினாங்கு தண்ணீர்மலையில் காவடி கண்டோர் பலர். ஆயின், அங்கிருந்து நிமிர்ந்து பார்த்தால் தெரியும் பெரிய மலைக்கு ஒரு காலத்தில் இவ்வழியாகவே ஏறினர் என்பதை அறிந்தோர் சிலரே. அருவியை ஒட்டி 1884ஆம் ஆண்டில் தாவரப் பூங்கா அமைந்தது. அதற்கு முன்னரும் பின்னரும், இப்பக்கத்திலிருந்து புறப்பட்ட பாதையில் நடந்தும், குதிரைமீது அமர்ந்தும், ஆட்கள் சுமந்த நாற்காலியில் சாய்ந்தும் ஆங்கிலேயர் குளிர்காற்றை நாடிச் சென்றனர். இந்த ஏற்றத்தின் துன்பமே மலை இருப்புப்பாதை என்னும் எண்ணத்திற்கு வித்தாயிற்று.

முதல் முயற்சி 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கியது. தொழில்நுட்பக் கோளாறுகளால் 1905ஆம் ஆண்டையொட்டி அது கைவிடப்பட்டது. 1909இல் எண்ணம் மீண்டும் உயிர்பெற்றது. ஐக்கிய மலாய் நாடுகளின் இரயில்வேயைச் சேர்ந்த பொறியாளர் அர்னால்ட் ஜான்சன் இதற்குப் பொறுப்பேற்றார். ஆயர் ஈத்தாம் அடிவாரத்திலிருந்து ஏறும் அப்பாதையின் நீளம் ஏறத்தாழ 2 கிலோமீட்டர்தான். எனினும் மக்கள் அதில் ஏறியது 1923 அக்டோபரில். கவர்னர் சர் லாரன்ஸ் கில்லமார்ட் அதனை முறைப்படி திறந்துவைத்தது 1924 ஜனவரி முதல் நாளில். செலவு 15 லட்சம் நீரிணைக் குடியேற்ற வெள்ளி.

இரண்டு கிலோமீட்டருக்குப் பதினான்கு ஆண்டுகளா என்று வியப்போர் உளர். அவ்வியப்பில் ஒரு பிழை ஒளிந்திருக்கிறது. 1909க்கும் 1923க்கும் இடையில் கழிந்தது பதினான்கு ஆண்டுக் காலம். பதினான்கு ஆண்டு உழைப்பன்று. இடையே 1914 முதல் 1918 வரை உலகப்போர் நடந்தது. இரும்பும் கப்பலும் போருக்கே முதலில் போன ஆண்டுகள் அவை. நாட்காட்டி ஓடிற்று, மண்வெட்டி ஓடவில்லை.

இவ்விரண்டையும் பிரித்தறியத் தமிழ்த் தொழிலாளருக்கு எவரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. விடியற்காலையில் பெரட்டுக்களத்தில் நின்றவனுக்குச் செக்ரோலில் ஒரு பேர் விழும். ஒரு மலைச்சரிவின் புல்லை வெட்ட 60 பேர் வேண்டுமென்றால், பத்து ஆள் ஆறு நாளில் முடிப்பர்; இருபது ஆள் மூன்று நாளில் முடிப்பர். நாள் மாறும், பேர் மாறாது. பாதி வேலைக்கு அரைப்பேர் என்பது இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் வழங்கும் சொல். மழை பெய்தால் ரப்பர் மரத்தில் பால்வெட்டு இல்லை. அன்றைக்கு நாள் கழியும், பேர் விழாது. கிராணியின் ஏடு தொழிலாளியின் கூலியைக் குறைக்கப் பயன்பட்ட கதையும் உண்டு என்பதை மறப்பதற்கில்லை. ஆயினும் உழைப்பை நாளிலிருந்து பிரித்து அளந்த கருவி என்ற அளவில் அது கூர்மையானதே.

ஆனால் எல்லா வேலையும் புல்வெட்டு அன்று. மலைப்பாதையில் 79 மீட்டர் நீளமுள்ள சுரங்கம் ஒன்று இருக்கிறது; அகலமோ மூன்று மீட்டர் அளவே. அத்தகைய குடைவின் முகத்தில் எத்தனை ஆள் நிற்க முடியும்? நூறு பேரை அனுப்பினாலும் சிலரே உளி பிடிப்பர். ஏனையோர் வெளியே வெயிலில் நிற்பர். செக்ரோலில் நூறு பேர் விழுந்திருக்கும்; பாறையோ முன்போல் அங்குலம் அங்குலமாகவே விலகும். செங்குத்தான சரிவில் தண்டவாளமும் கீழிருந்து வரிசையாகத்தான் ஏற வேண்டும். ஒன்று முடியாமல் மற்றொன்று தொடங்காது.

இந்த வரிசையைத் தாளில் வரைந்து காட்டும் கலை அக்காலத்திலேயே பிறந்தது. போலந்து நாட்டுக் கரோல் அடாமியெட்ஸ்கி 1896இல் ஒரு வகை அட்டவணையை வகுத்தார். அமெரிக்கரான ஹென்றி காண்ட் 1910களில் வரைந்த பட்டை அட்டவணையே பெரும்புகழ் பெற்றது. பட்டையின் நீளம் காலத்தைக் காட்டும். அதற்குள் எத்தனை கை உழைத்தது என்பதை நீளம் மட்டும் சொல்லாது. 1957இல் டூபாண்ட் நிறுவனத்தில் முக்கியப் பாதை முறையும், 1958இல் அமெரிக்கக் கடற்படையின் போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்தில் பெர்ட் முறையும் தோன்றின. பெர்ட் முறையில் ஒரு வேலைக்கு மூன்று மதிப்பீடுகள் உண்டு: எல்லாம் நன்றாக நடந்தால், வழக்கம்போல் நடந்தால், எல்லாம் கெட்டால். நடுமதிப்பை நான்கு மடங்காக்கி, மற்ற இரண்டையும் கூட்டி, ஆறால் வகுப்பர். முதல் மதிப்பீட்டையே நம்பித் திறப்பு விழாவிற்கு நாள் குறிப்போர் இவ்வெளிய கணக்கைப் படிப்பது நலம்.

மலாயாவிற்கும் இக்கலையில் ஒரு தொடர்பு உண்டு. 1955இல் இலண்டன் 'எகானமிஸ்ட்' இதழில் ஒரு கட்டுரை வந்தது. ஒதுக்கிய காலம் எவ்வளவோ அவ்வளவுக்கும் வேலை நீண்டு நிரம்பிவிடும் என்று அது நகைச்சுவையாய் நிறுவிற்று. அதனை எழுதிய சி. நார்த்கோட் பார்க்கின்சன் அப்போது சிங்கப்பூரில் மலாயாப் பல்கலைக்கழக வரலாற்றுப் பேராசிரியர். ஆள் சேர்த்தால் வேலை குறையும் என்ற நம்பிக்கையை மறுபுறத்திலிருந்து தாக்கியவர் பிரெடெரிக் புரூக்ஸ். ஐபிஎம் நிறுவனத்தில் பெருங்கணினிக்கு நிரல் எழுதும் பணியை நடத்திய அவர், பிந்திய வேலையில் புதிய ஆளைச் சேர்ப்பது அதனை இன்னும் பிந்தச் செய்யும் என 1975இல் எழுதினார். காரணம் எளிது. ஐவர் கூடினால் பேச வேண்டிய இணைகள் 10. பதின்மர் கூடினால் 45. புதியவருக்குக் கற்றுக்கொடுக்கவும் பழைய கைகளே வேண்டும்.

இன்று இக்கணக்கைக் கணினியே போடுகிறது. மைக்ரோசாப்ட் பிராஜெக்ட் போன்ற மென்பொருளில் கால அளவு, உழைப்பு, ஆளின் பங்கு என மூன்றும் தனித்தனியே நிற்கும். இரண்டைச் சொன்னால் மூன்றாவது வரும். 40 மணி நேர உழைப்பை, நாளுக்கு எட்டு மணி நேரம் உழைப்பவர் முழு நாளும் செய்தால் 5 நாள். பாதி நேரம் மட்டும் கொடுத்தால் 10 நாள். இவற்றுள் எதை மாறாது நிறுத்துவது என்பதை மனிதர்தாம் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால், ஓர் ஆளைச் சேர்த்ததும் முடிவுநாள் தானாகச் சுருங்கலாம். சுரங்கமும் புல்வெட்டும் அதற்கு ஒன்றே. இன்னொரு பொறியும் அங்குண்டு. 'முடிந்த விழுக்காடு' என்பது கழிந்த காலத்தின் பங்கு. 'உழைப்பில் முடிந்த விழுக்காடு' என்பது வேறு. பத்து நாள் வேலையில் ஐந்து நாள் கழிந்ததும் முன்னது 50 என்று காட்டும்போது, பின்னது 20 ஆக இருக்கலாம். அறிக்கை எழுதுவோர் முன்னதையே விரும்புவதில் வியப்பில்லை.

ஜான்சனின் பாதை இரு கட்டங்களாய் இயங்கியது. நடுவில் வண்டி மாற வேண்டும். உச்சிக்குச் செல்ல அரைமணி நேரம் ஆகும். 2010 பிப்ரவரியில் அது நிறுத்தப்பட்டு, 6 கோடியே 30 லட்சம் ரிங்கிட் செலவில் புதுப்பிக்கப்பட்டு, 2011இல் மீண்டும் ஓடத் தொடங்கியது. இப்போது இடையில் இறங்காமல் பத்து நிமிடத்திற்குள் ஏறிவிடலாம். தண்ணீர்மலையிலோ, 2012இல் குடமுழுக்குக் கண்ட புதிய முருகன் கோயிலுக்கு 513 படிகள். அங்கே எத்தனை பேர் ஏறினாலும் ஒவ்வொருவரும் தம் 513 படியையும் தாமே ஏறியாக வேண்டும்.