காப்பது யார்? ஆர் மொழியின் சி வழியும் ஆர்சிபிபி வழியும்

ஆர் மொழியில் மெதுவாக ஓடும் கணக்கைச் சி-யில் எழுதி இணைப்பவர் கூடவே ஒரு பொறுப்பையும் ஏற்கிறார். ஆரில் எந்தப் பொருள் எப்போது அழிய வேண்டும் என்பதைக் குப்பை சேகரிப்பான் பார்த்துக்கொள்கிறது. ஆனால் சி நிரலின் உள்ளூர் மாறிகள் அதன் கண்ணில் படுவதில்லை. நாம் சற்றுமுன் உருவாக்கிய வெக்டரை யாருக்கும் தேவையற்றது என்று அது எடுத்துவிடக்கூடும்.

இதற்கு ஆரின் சி இடைமுகம் தரும் தீர்வு, புரொடெக்ட், அன்புரொடெக்ட் என்ற இணை. புரொடெக்ட், பொருளின் முகவரியை ஓர் அடுக்கில் வைக்கிறது. வேலை முடிந்ததும் வைத்தவற்றை எண்ணி எடுக்க வேண்டும். எண்ணிக்கை பிசகினால் ஆரே எச்சரித்துவிடும். வைக்கவே மறந்த பிழைதான் கொடியது. விடைக்கு ஒரு வெக்டர், பெயர்களுக்கு இன்னொன்று என அடுத்தடுத்து இடம் ஒதுக்குகிறோம்; முதலாவதைக் காக்கவில்லை. சேகரிப்பான் இடம் நெருக்கும்போதுதான் ஓடும் என்பதால் பத்து எண்களை வைத்துச் சோதித்தால் எல்லாம் சரியாகவே இருக்கும். யாரோ பல லட்சம் வரிகளைத் தரும் நாளில், இரண்டாவது ஒதுக்கீடு சேகரிப்பானை எழுப்ப, முதல் வெக்டர் போய்விடும். நிரல் நின்றுபோவதைவிட, தவறான எண் விடையாக வந்து ஆய்வுக்குள் நுழைவதுதான் எனக்கு அச்சம் தருவது. ஜிசி டார்ச்சர் என்ற வசதி ஒவ்வொரு ஒதுக்கீட்டிலும் சேகரிப்பானை ஓடவைத்து இத்தகைய பிழைகளைக் கிளப்பிவிடும். தோமாஷ் காலிபெராவின் ஆர்செக் கருவி, நிரலை ஓட்டாமலே அவற்றைத் தேடுகிறது.

டிர்க் எடல்பட்டல், ரொமெய்ன் பிரான்சுவா ஆகியோர் வளர்த்த ஆர்சிபிபி என்ற தொகுப்பு, இந்த எண்ணும் வேலையைச் சி பிளஸ் பிளஸ்ஸிடம் ஒப்படைக்கிறது. வெக்டர் பிறக்கும்போதே காப்பு கிடைக்கிறது. அது தன் எல்லையை விட்டு நீங்கும்போது காப்பும் நீங்குகிறது. செயற்கூறிலிருந்து வெளியேற ஐந்து வழிகள் இருந்தாலும் எதையும் எண்ண வேண்டியதில்லை. முன்பு காப்பு நீக்கும்போது நீண்ட பட்டியலில் தேட வேண்டியிருந்ததால் சிறு பொருள்கள் பெருகினால் வேகம் குறைந்தது. 2021-இல் இருபுறமும் இணைந்த பட்டியலுக்கு மாறியதும் அந்தக் குறை தீர்ந்தது.

பிழை அறிவிக்கும் இடத்தில்தான் இரண்டும் உண்மையில் பிரிகின்றன. சி இடைமுகத்தின் ஆர்எஃப் எரரை அழைத்தால் நிரல் நடுவிலிருந்து நேரே ஆருக்குத் தாவுகிறது. சி வழியில் அதனால் பெரிய தீங்கில்லை. புரொடெக்ட் அடுக்கை ஆரே பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிடும். மாலாக்கில் வாங்கிய இடம் மட்டும் கசியும். ஆர் அலாக்கில் வாங்கியிருந்தால் அதுவும் இல்லை. சி பிளஸ் பிளஸ்ஸில் அதே தாவல், காப்பை நீக்கும் அழிப்பிகளைத் தாண்டிச் செல்கிறது. காப்பு நீங்காமல் பொருள்கள் தங்கிவிடுகின்றன. ஆகவே அங்கே, அழிப்பிகளை ஓடவிட்டு வெளியேறும் ஆர்சிபிபியின் ஸ்டாப்பை மட்டுமே அழைக்க வேண்டும். ஆரின் செயற்கூறுகளும் தாமாகத் தாவக்கூடியவை என்பதால், 2018-இல் ஆர் 3.5.0, அந்தத் தாவலிலும் அழிப்பிகளை ஓடவிட உதவும் அன்வைண்ட் புரொடெக்டைத் தந்தது.

சில நூறு வரிகளுக்குள் அடங்கி, அரிதாகவே மாறும் நிரலுக்கு நான் சி-யையே தேர்வேன். பலர் கைபட்டு வளரும் நிரலுக்கு ஆர்சிபிபிதான். ஆனால் அதன் காப்பு அழிவிலிருந்து மட்டுமே காக்கும், மாற்றத்திலிருந்து அல்ல. நியூமரிக் வெக்டராக ஏற்ற உள்ளீட்டில் ஓர் உறுப்பை மாற்றினால், அழைத்தவரின் தசம வெக்டரே மாறிவிடும். 1:10 போன்ற முழு எண் வரிசையைத் தந்தாலோ, வகை மாற்றத்தில் நகல் உருவாவதால் மூலம் மாறாது. இரு வழியிலும், உள்ளீட்டில் எழுதும் முன் நகலெடுக்க வேண்டும்: சி-யில் டூப்ளிகேட், ஆர்சிபிபியில் குளோன்.