சுயமனுக் குடியேற்றம் (பெங்களூரு)

வேலை தரும் நிறுவனம் முன்னின்று விண்ணப்பிக்காமல், திறனாளர் ஒருவர் தம் பெயரிலேயே வெளிநாட்டில் நிரந்தரமாகக் குடியேற அனுமதி கேட்பது சுயமனு. அமெரிக்கச் சட்டத்தில் இதற்குரிய முதன்மையான வழிகள் இரண்டு. ஒன்று, அபாரத் திறன் உள்ளவர்களுக்கான இ.பி.-1ஏ. மற்றொன்று, தேசிய நலனைக் கருதி வேலை உத்தரவாதமும் தொழிலாளர் சான்றிதழும் வேண்டாமென விலக்குத் தரும் இ.பி.-2 பிரிவு; பேச்சுவழக்கில் என்.ஐ.டபிள்யூ. இரண்டும் 1990ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்தில் உருவம் பெற்றவை. இரண்டுக்கும் படிவம் ஐ-140 தான்.

மனுதாரர் பெங்களூரில் இருக்கிறாரா பாஸ்டனில் இருக்கிறாரா என்பது இந்தக் கட்டத்தில் பொருட்டே இல்லை. 2025 ஜனவரி 17 அன்று பெங்களூரில் அமெரிக்கத் துணைத் தூதரகம் தொடங்கப்பட்டபோது பலர் வேறுவிதமாக நினைத்தார்கள். அப்போது அங்கே விசா சேவை தொடங்கவில்லை; தொடங்கியிருந்தாலும் ஐ-140 அங்கே போகாது. அமெரிக்கக் குடியேற்றத் துறையான யு.எஸ்.சி.ஐ.எஸ். அலுவலர் ஒருவர் காகிதங்களை மட்டும் படித்து முடிவு சொல்கிறார். மனுதாரரின் முகத்தைப் பார்க்காமல் எடுக்கப்படும் முடிவு என்பதால், திறமையைவிட அந்தத் திறமைக்கான சான்று எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது என்பதே ஏற்பையும் மறுப்பையும் தீர்மானிக்கிறது.

தேசிய நலன் விலக்குக்கான அளவுகோல் 2016 டிசம்பரில் வெளியான தனசார் தீர்ப்பிலிருந்து வருகிறது. அந்த வழக்கின் மனுதாரர் விண்வெளிப் பொறியியல் ஆய்வாளர். அதிமீயொலி வேக உந்துவிசையில் பணியாற்றியவர். முதலில் மறுக்கப்பட்ட அவரது மனுவை மேல்முறையீட்டு அலுவலகம் ஏற்று, மூன்று கேள்விகளை வகுத்தது. செய்யவிருக்கும் பணிக்குக் கணிசமான மதிப்பும் தேசிய முக்கியத்துவமும் உண்டா? அதை முன்னெடுக்கும் நிலையில் மனுதாரர் இருக்கிறாரா? எல்லாவற்றையும் சீர்தூக்கினால் விலக்குத் தருவது அமெரிக்காவுக்கு நன்மையா? அவரது ஆய்வு முதல் கேள்வியில் தேறியது. ஆனால் அதே மனுவில் சொல்லப்பட்ட கற்பித்தல் பணி தேறவில்லை. வகுப்பறைக்கு வெளியே, அந்தக் கல்வித்துறை முழுவதிலும் அதன் விளைவு என்ன என்பது காட்டப்படவில்லை என்றது தீர்ப்பு.

பெங்களூரு மென்பொருள் பொறியாளரின் மனு பெரும்பாலும் இடறும் இடமும் இதுதான். 'நான் கிளவுடில் பத்தாண்டு அனுபவசாலி. அமெரிக்காவில் இந்த வேலைக்கு ஆள் பற்றாக்குறை' என்ற வாதம் எடுபடாது. ஆள் பற்றாக்குறையைச் சோதிக்கத்தான் தொழிலாளர் சான்றிதழ் இருக்கிறது. அதையே விலக்கக் கேட்பவர் அதையே காரணமாகக் காட்ட முடியாது. தொழில் முக்கியமா என்பதல்ல, இவர் செய்யவிருக்கும் குறிப்பிட்ட பணி முக்கியமா என்பதே கேள்வி. 2022 ஜனவரியில் வந்த யு.எஸ்.சி.ஐ.எஸ். வழிகாட்டல், முக்கியமான, வளர்ந்துவரும் தொழில்நுட்பங்களில் முனைவர் பட்டம் பெற்றவர்களுக்குச் சாதகமாக அமைந்தது. அதன்பின் மனுக்கள் குவிந்தன. ஏற்பு விகிதம் இறங்கியது. 2025 ஜனவரி வழிகாட்டல், மனுதாரரின் படிப்பும் அனுபவமும் சொல்லப்பட்ட பணியோடு பொருந்துகின்றனவா என்பதைக் கூர்ந்து பார்க்கச் சொல்கிறது.

இந்திய அறிவியல் கழகத்திலோ தேசிய உயிரியல் அறிவியல் மையத்திலோ ஆய்வு செய்தவருக்குக் கட்டுரைகளும் மேற்கோள் எண்ணிக்கையும் பொதுவெளியில் கிடக்கும். வெளிவட்டச் சாலையிலுள்ள மென்பொருள் நிறுவனத்தில் கட்டணச் சேவையின் உயிர்நாடியான நிரலை எழுதியவருக்கு அப்படி எதுவும் இருக்காது. நிரல் நிறுவனத்தின் சொத்து, காப்புரிமையும் நிறுவனத்தின் பெயரில். ரகசிய ஒப்பந்தம் வேறு வாயை அடைக்கும். மேலாளரும் முன்னாள் மேலாளரும் எழுதும் பரிந்துரைக் கடிதங்களே அவருக்குக் கைகொடுக்க வேண்டும். அவை ஒரே வார்ப்பில் புகழ்மாலையாக இருந்தால் பயனில்லை. இவர் செய்தது என்ன, அதை எடுத்து யார் பயன்படுத்துகிறார்கள் என்று சொல்லும் கடிதம், அதுவும் நேரடித் தொடர்பில்லாத ஒருவரிடமிருந்து வந்தால், எடை கூடும்.

இ.பி.-1ஏ பிரிவில் நோபல் போன்ற பெரும் பரிசு இல்லாதவர் பத்து அளவைகளில் மூன்றையாவது எட்ட வேண்டும். விருது, பிறர் படைப்பை மதிப்பிடுதல், ஆய்வுக் கட்டுரை, தலைமைப் பொறுப்பு, உயர் ஊதியம் முதலியன அவை. மூன்றை எட்டினாலும் கதை முடிந்துவிடாது. 2010இன் கசாரியன் தீர்ப்புக்குப் பிறகு, மொத்தச் சான்றையும் வைத்து இவர் துறையின் உச்சியில் உள்ளவரா என்று அலுவலர் மீண்டும் பார்க்கிறார். காசு கொடுத்து வாங்கிய விருதும் அவசரத்தில் அச்சேறிய கட்டுரையும் சாயம் வெளுப்பது இங்கேதான். ஊதிய அளவையில் பெங்களூருக்காரருக்கு ஓர் ஆறுதல்: வெளிநாட்டுச் சம்பளத்தை டாலராக்கி அமெரிக்கச் சம்பளத்தோடு ஒப்பிடுவதில்லை, அந்த நாட்டு ஊதிய நிலவரத்தோடுதான் ஒப்பிட வேண்டும்.

கல்விச் சான்றிலும் சிக்கல் உண்டு. மூன்றாண்டு பி.எஸ்சி. தனித்து அமெரிக்க இளநிலைப் பட்டத்துக்கு நிகராகக் கொள்ளப்படுவது அரிது. தமிழருக்கு இனிஷியல் இன்னொரு தலைவலி. பட்டச் சான்றிதழில் ஒற்றை எழுத்து, பாஸ்போர்ட்டில் அப்பாவின் முழுப்பெயர், ஆய்வுக் கட்டுரையில் வேறொரு வரிசை என்றிருந்தால், மூவரும் ஒருவரே என்று உறுதிமொழிப் பத்திரம் வைப்பது நல்லது.

கனடாவின் எக்ஸ்பிரஸ் என்ட்ரி (2015 முதல்) வேறு ரகம். அங்கே வாதத்துக்கு இடம் குறைவு. வயது, மொழித்தேர்வு, படிப்பு, அனுபவம் முதலியவற்றுக்கு 1,200க்கு மதிப்பெண். வேலை உத்தரவாதத்துக்கான கூடுதல் மதிப்பெண் 2025 மார்ச்சில் நீக்கப்பட்டது. பெங்களூரில் பலர் அகப்படுவது அனுபவக் கடிதத்தில்: மனிதவளத் துறை பதவியையும் தேதியையும் மட்டும் எழுதித் தரும், கனடாவோ செய்த பணிகளின் விவரம் கேட்கும். பொய் விவரம் கொடுத்தால் ஐந்தாண்டுத் தடை.

அமெரிக்க மனு ஏற்கப்பட்டாலும் பச்சை அட்டை உடனே வராது. வேலைவாய்ப்பு வழிக் குடியேற்றத்துக்கு ஆண்டுக்குச் சுமார் 1,40,000 இடங்கள். ஒரு நாட்டில் பிறந்தோருக்கு 7 விழுக்காட்டு வரம்பு. 2025இல் இந்தியருக்கான இ.பி.-2 வரிசை 2012, 2013ஆம் ஆண்டுகளில் விண்ணப்பித்தவர்களிடமே ஊர்ந்தது, இ.பி.-1 பெரும்பாலும் 2022 தொடக்கத்தில் நின்றது. மனுவின் தரம் இங்கே எதையும் மாற்றாது. குடியுரிமையும் மாற்றாது; பார்க்கப்படுவது பிறந்த நாடு. கணவனோ மனைவியோ சிங்கப்பூரிலோ யாழ்ப்பாணத்திலோ பிறந்தவராக இருந்தால், அந்த நாட்டின் கணக்கில் தம்மைச் சேர்க்குமாறு தம்பதியர் கேட்கலாம். இந்திய வரிசையில் நிற்க வேண்டியதில்லை.