இழக்கத் துணிந்தோரின் விண்ணுலகம்

விளையாட்டுக்கும் ஒரு சரித்திரமா என்று நேயர்களிற் சிலர் வினவக்கூடும். முடிசூட்டு விழாக்களையும் அரசர் போர்களையுமே சரித்திரமென்று படித்துப் பழகியோருக்கு அவ்வாறு தோன்றுவது இயல்பே. ஆயினும், இலட்சக்கணக்கான மக்கள் சந்தை கூட்டி, வங்கி நடத்தி, களவுகொடுத்து, போர்புரிந்து இருபதாண்டுகளுக்கு மேலாக நடத்திவரும் ஓர் உலகம், கணினித் திரையில் மட்டுமே தோன்றுவதாயினும், புறக்கணிக்கத் தக்கதன்று. ஐஸ்லாந்து நாட்டில் உருவான ‘ஈவ் ஆன்லைன்’ என்னும் விண்வெளி விளையாட்டையே ஈண்டுக் குறிக்கின்றோம்.

இதன் முன்னோடி 1984-இல் இங்கிலாந்தில் வெளிவந்த ‘எலைட்’. டேவிட் பிரேபன், இயன் பெல் என்னும் கேம்பிரிட்ஜ் மாணவர் இருவர் இயற்றியது. 100 நாணயத்தையும் ஒரு சிறு கலத்தையும் ஆடுவோன் கையிற் கொடுத்து, ‘போ, வாணிகம் செய், கொள்ளையரிடம் தப்பிப் பிழை’ என்று அது விட்டுவிடும். அந்தச் சுதந்திரம் அக்காலத்தில் பெரும் புதுமை. ஆனால் அங்கே வணிகரும் கொள்ளையரும் இயந்திரத்தின் கணக்குகளே. கலம் உடைந்தாலும், முன்பு பதிந்துவைத்த இடத்திலிருந்து மீண்டும் தொடங்கலாம்.

எலைட்டில் மனம் பறிகொடுத்த இளைஞர் சிலர் 1997-இல் ரெய்க்யவிக் நகரில் சிசிபி என்ற நிறுவனத்தைத் தொடங்கினர். கைம்முதல் போதவில்லை. ஆகவே மறு ஆண்டில் மேசைமீது வைத்து ஆடும் ஓர் அட்டை விளையாட்டை வெளியிட்டுப் பணம் ஈட்டினர். அதன் பெயர் ‘ஹைட்டுஸ்பில்’; ‘ஆபத்தாட்டம்’ என்று பொருள். பின்னர் வந்ததற்கு இதைவிடப் பொருத்தமான முன்னுரை எவராலும் எழுத இயலாது! 2003-ஆம் ஆண்டு மே மாதம் 6-ஆம் நாள் ‘ஈவ்’ வெளிவந்தது. 2013-இல் அதன் சந்தாதாரர் தொகை 5 இலட்சத்தை எட்டிற்று. அப்போது ஐஸ்லாந்தின் குடிமக்களோ ஏறத்தாழ 3 இலட்சத்து 20 ஆயிரம் பேரே.

அவ்வுலகின் பொருளியலைச் சற்று விரித்துரைப்போம். விண்கற்களைத் தோண்டித் தாதெடுப்பவர் ஒருவர். அதை உருக்குபவர் ஒருவர். கலம் கட்டுபவர் மற்றொருவர். அதைச் சுமந்துசென்று விற்பவர் வேறொருவர். இவர்கள் அனைவரும் உயிருள்ள மனிதர். அங்குப் பறக்கும் கலங்களில் மிகப் பெரும்பாலானவை ஆடுவோர் கட்டியவை. ‘ஜிட்டா’ என்னும் விண்மீன் மண்டலம் பேரங்காடியாயிற்று. அங்கே சந்தை கூடுக என்று எவரும் ஆணையிடவில்லை. விலை மலிந்த இடத்தை நாடி வாங்குவோரும், வாங்குவோர் மிகுந்த இடத்தை நாடி விற்போரும் வந்து குவிந்தனர்.

இங்குதான் இழப்பின் பங்கு வருகின்றது. உடைந்த கலம் உடைந்ததே, மீளாது. அதிலிருந்த சரக்கிற் பாதி அழியும், பாதி வென்றவன் கைக்குச் சேரும். காப்புறுதி உண்டாயினும் முழு நட்டத்தையும் ஈடுசெய்யாது. எதுவுமே உடையாவிட்டால் என்னாகும்? கட்டிய கலங்கள் கிடங்குகளில் தேங்கும், தாதின் விலை வீழும், தோண்டுபவனுக்கு வேலையிராது. சுருங்கச் சொன்னால், கொள்ளையன்தான் கலங்கட்டுவோனுக்குச் சோறு போடுகின்றான். கேட்பதற்குக் கசப்பான இவ்வுண்மையைக் கணக்கேடுகளில் ஆராய, 2007-இல் எயோல்ஃபர் குட்மண்ட்சன் என்ற பொருளியல் அறிஞரையே நிறுவனம் உத்தியோகத்தில் அமர்த்திற்று. பிற்காலத்தில் அவர் அக்குரேரி பல்கலைக்கழகத்தின் தலைவரானார்.

சட்டம் இல்லையோ என்னில், உண்டு. காவல் மிகுந்த பகுதி, காவல் குறைந்த பகுதி, காவலே இல்லாத பகுதி என்று விண்வெளி பகுக்கப்பட்டுள்ளது. காவல் மிகுந்த பகுதியிலும் காவலர் குற்றவாளியைத் தண்டிப்பாரேயன்றிக் குற்றத்தைத் தடுக்கமாட்டார். தன் கலம் அழியுமென்று அறிந்தே ஒருவன் தாக்குவான். பறிக்கும் சரக்கின் விலை தன் கலத்தின் விலையை விஞ்சினால் அவனுக்கு அது இலாபம். தண்டனையையும் செலவுக் கணக்கில் எழுதும் இத்தகையோர் விளையாட்டில் மட்டும்தானா இருக்கின்றனர்?

2005-இல் நிகழ்ந்த ஒரு துரோகம் உலகப் பத்திரிகைகளில் ஏறியது. ஒரு கூலிக் கூட்டத்தார் மற்றொரு கூட்டத்தினுள் பல மாதங்களாக ஆட்களை நுழைத்து, நம்பிக்கை பெற்று, உயர்பதவி ஏறி, குறித்த நாளில் தலைவியைக் கொன்று கிடங்குகளைத் துடைத்தெடுத்தனர். விதிமீறல் எதுவும் இல்லையென்று நிறுவனம் வாளாவிருந்தது.

2009-இல் வந்தது வங்கிக் கதை. ஆடுவோரே நடத்திய ‘ஈபேங்க்’ என்ற வைப்பகத்தின் தலைவர்களில் ஒருவர் 20,000 கோடி ‘இஸ்க்’ பணத்தை எடுத்து, விதிக்கு மாறாக வெளியே விற்று, ஏறத்தாழ 6,300 ஆஸ்திரேலிய டாலராக்கிக்கொண்டார். வைப்பாளர்கள் பதறிப் பணத்தை மீட்க ஓடினர். சீட்டுப் பணத்தோடு மறைந்தவன் கதை நேயர்களுக்குப் புதிதன்று, தீர்ப்புத்தான் புதிது. அவர் விலக்கப்பட்டது திருட்டுக்காக அன்று, விளையாட்டுப் பணத்தை மெய்ப்பணமாக்கிய குற்றத்துக்காக! இதற்குச் சில மாதங்களுக்கு முன்பு, 2008 அக்டோபரில், அதே ஐஸ்லாந்தின் மெய்யான மூன்று பெருவங்கிகள் ஒரே வாரத்துக்குள் வீழ்ந்திருந்தன. ‘இஸ்க்’ என்பது அந்நாட்டு நாணயத்துக்கும் சுருக்கக் குறி என்பதையும் சேர்த்து எண்ணுக.

இது சூதாட்டமன்றோ என்று கேட்போர் உளர். நாம் உடன்படோம். சூதில் காய் உருளும் வகையே முடிவு. அங்கே அறிவுக்கு வேலை குறைவு. இங்கோ எதிரி ஒரு மனிதன். அவன் எண்ணத்தை அளந்து, வழியை ஆராய்ந்து, இழக்கத்தக்கதை மட்டும் ஏற்றிச் செல்வதே திறமை. எனினும் சூதின் கடுப்பு இதிலும் சிறிது உண்டென்பதை மறைக்கமாட்டோம். சண்டை முடிந்தபின்னும் கை நடுங்குமென ஆடுவோரே கூறுகின்றனர். உறக்கத்தை அடகுவைத்து ஆடுவோரும் உளர். அதனை நாம் போற்றவில்லை.

ஆபத்து நேர்மையாக இருக்கவேண்டும் என்பதில் இவ்வுலகினர் எத்துணை உறுதியுடையவர் என்பதை 2011 காட்டிற்று. மெய்ப்பணத்துக்கு அணிகலன் விற்கும் கடையை நிறுவனம் திறந்தது. ஓர் ஒற்றைக்கண் கண்ணாடிக்கு விலை ஏறத்தாழ 60 அமெரிக்க டாலர்! இன்று கண்ணாடி விற்பவர் நாளை வெற்றிதரும் படைக்கலமும் விற்பர் என்று மக்கள் அஞ்சினர். ஆயிரக்கணக்கானோர் ஜிட்டாவில் திரண்டு அங்கிருந்த நினைவுச்சின்னத்தைச் சுட்டு எதிர்ப்புத் தெரிவித்தனர். அக்டோபரில் நிறுவனத் தலைவர் ஹில்மர் பெட்டர்சன் வெளிப்படையாக மன்னிப்புக் கோரினார். கிளர்ச்சி வென்ற நாடுகளின் பட்டியலில் இந்த இல்லாத நாட்டையும் சேர்க்கலாம்.

2014 சனவரி 27-இல் ‘பி-ஆர்5ஆர்பி’ என்ற மண்டலத்துக்குரிய கட்டணம் செலுத்தப்படாமற் போயிற்று. அந்தச் சிறு தவற்றைக் கண்டு பகைவர் பாய்ந்தனர். 21 மணி நேரம் நீடித்த போரில் 7,548 பேர் கலந்துகொண்டனர். நெரிசலைத் தாங்கமாட்டாத இயந்திரம் காலத்தையே பத்தில் ஒரு பங்கு வேகத்துக்குத் தாழ்த்திற்று. ‘டைட்டன்’ எனப்படும் மாபெருங் கலங்கள் 75 அழிந்தன. நட்டம் 3 இலட்சம் அமெரிக்க டாலர் என்று பத்திரிகைகள் பறைசாற்றின. அவ்வளவு மெய்ப்பணம் எவர் பையிலிருந்தும் போகவில்லை. விளையாட்டுப் பொருளை டாலர் விலையால் பெருக்கிக் கண்ட கணக்கு அது. மெய்யாக எரிந்தது காலம். பலர் கூடி மாதக்கணக்கில் தோண்டிச் சேர்த்த உழைப்பு ஓரிரவில் புகைந்தது. அதே ஆண்டில் ரெய்க்யவிக் துறைமுகத்தருகே ஆடுவோர் பெயர்களைப் பொறித்த நினைவுச்சின்னம் ஒன்று எழுந்தது.

நம்பிக்கைத் துரோகமே மலிந்த அவ்வுலகில் நம்பத்தக்கவன் எவ்வளவு அருமையானவன் என்பதற்கு ஷான் ஸ்மித்தின் பெயர் போதும். விளையாட்டில் பெருங் கூட்டணிகளுக்கிடையே தூது நடத்தி யாவராலும் மதிக்கப்பட்டவர். வாழ்க்கையில் அமெரிக்க வெளியுறவுத் துறை ஊழியர். 2012 செப்டம்பர் 11-இல் லிபியாவின் பெங்காசி நகரில் தூதுவரகம் தாக்கப்பட்டபோது கொல்லப்பட்டார். செய்தி பரவியதும் அவர் தோழர்கள் விண்வெளி நிலையங்கள் பலவற்றுக்கு அவர் பெயரைச் சூட்டினர். அவர் குடும்பத்துக்கு நிதி திரட்டினர். பல ஆண்டுகளாக அவர்களோடு பொருதிய பகைக் கூட்டத்தாரும் தங்கள் நிலையங்களின் பெயரை மாற்றினர்.