ஏழு பலகை நிலக்கரிப் பெட்டி

மேசையில் இருப்பது ஒரு சின்ன நிலக்கரிப் பெட்டி. நீளம் 66 மில்லிமீட்டர், சில்லின் விட்டம் 12.5 மில்லிமீட்டர். பிரித்தானியாவில் 1923ஆம் ஆண்டின் பொது அளவுத்திட்டப்படி செய்யப்பட்ட 12 தொன் சரக்குப் பெட்டியின் மாதிரி இது. உண்மைப் பெட்டியின் சட்டகம் 16 அடி 6 அங்குலம். அடிக்கு 4 மில்லிமீட்டர் என்று சுருக்கினால் 66 வரும். கிட்டாக வாங்கிய பிளாஸ்ரிக் துண்டுகளை நானும் மகளும் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் ஒட்டி முடித்தோம்.

இதற்கான திரவம் உண்மையில் பசை அல்ல. தூரிகையால் மூட்டில் தொட்டால் இடுக்கு வழியே தானாக ஓடி, இரு பக்கப் பிளாஸ்ரிக்கையும் கரைத்து ஒன்றாக்கிவிடும். பிறகு பிரிக்க முடியாது. ஆகவே நான்கு சுவர்களும் நேராக நிற்கின்றனவா என்று முதலில் பார்க்க வேண்டும். சில்லுகளைப் பொருத்தியதும் ஒரு கண்ணாடித் துண்டின்மேல் வைத்துப் பார்த்தோம். நான்கில் ஒன்று தரையைத் தொடவில்லை. மூட்டு இறுகுமுன் மெல்ல அழுத்திச் சரிசெய்தோம்.

ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு வேலை வரலாறு உண்டு. பக்கத்தில் நீளமான ஒரு நெம்புகோல் இருக்கிறது. அதுதான் பிரேக். இந்தப் பெட்டிகளுக்கு இயந்திரத்திலிருந்து இயக்கும் பிரேக் கிடையாது. செங்குத்தான இறக்கம் வந்தால் வண்டியை உச்சியில் நிறுத்தி, ஆட்கள் நடந்துபோய் ஒவ்வொரு நெம்புகோலாக அழுத்திப் பூட்டினார்கள். பெட்டிகளை இணைத்தது மூன்று வளையச் சங்கிலி. அதைக் கொக்கித் தடியால் மாட்டினார்கள். பக்கச் சுவரில் சாய்வாக ஒரு வெள்ளைக் கோடு ஓடுகிறது. அது அலங்காரம் என்றுதான் மகள் நினைத்தாள். எந்த முனையில் திறக்கும் கதவு இருக்கிறது என்பதற்கான அடையாளம் அது. துறைமுகத்தில் பெட்டியைச் சாய்த்து நிலக்கரியைக் கப்பலில் கொட்டுபவர் தூரத்திலிருந்தே அதைப் பார்த்துக்கொள்வார்.

சுவரில் பெரிய எழுத்தில் ஒரு பெயரும் உண்டு. அது புகையிரதக் கொம்பனியின் பெயரல்ல. சுரங்கங்களும் நிலக்கரி வியாபாரிகளும் சொந்தமாகப் பெட்டி வைத்திருந்த காலம் அது. சிறிய ஊர் வியாபாரி ஒருவர் இரண்டு மூன்று பெட்டிகளைத் தவணைக்கு எடுத்து, தன் பெயரையும் ஊரையும் எழுதி ஓடவிடுவார். கீழ் மூலையில், காலியானால் எந்தச் சுரங்கத்துக்குத் திருப்பியனுப்ப வேண்டும் என்று சின்னதாக எழுதியிருக்கும். ஓடும் பெட்டியே விளம்பரப் பலகையாகவும் முகவரி அட்டையாகவும் இருந்தது.

1939இல் போர் தொடங்கியதும் இந்தத் தனியார் பெட்டிகளை அரசு ஒரே பொதுத் தொகுப்பில் சேர்த்தது. யாருடைய பெட்டி என்று பாராமல் எது கிட்ட நின்றதோ அதில் ஏற்றினார்கள். போர் முடிந்தும் அவை உரிமையாளரிடம் திரும்பவில்லை. 1948 ஜனவரி 1ஆம் திகதி புகையிரதங்கள் தேசியமயமானபோது, ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்ட தனியார் பெட்டிகளும் இழப்பீட்டுடன் அரசுக்குப் போயின. பெயர்களை யாரும் மீண்டும் எழுதவில்லை. உடைந்த பலகைக்குப் பதிலாக வெறும் பலகை அடித்தார்கள். பெயரின் நடுவில் இரண்டு எழுத்துகள் காணாமற்போயின. பிறகு இரும்புப் பெட்டிகள் வந்தன. மரப்பெட்டிகள் விறகாயின.

அப்படியானால் இந்த நிறமும் எழுத்தும் கிட் செய்தவர்களுக்கு எங்கிருந்து கிடைத்தன? குளொஸ்டர் நகரில் சரக்குப் பெட்டிகள் செய்த ஒரு தொழிற்சாலை, புதிதாய்ச் செய்தவற்றைப் படமெடுத்து வைத்தது. படத்திலேயே ஒரு சிறு பலகையை வைத்து, வாங்கியவர் யார், என்ன நிறம் என்று எழுதினார்கள். அது கணக்குக்கும் வியாபாரத்துக்கும் செய்த வேலை. வரலாறு என்று யாரும் நினைக்கவில்லை. இன்று அந்தத் தொழிற்சாலையின் ஆவணங்கள் குளொஸ்டர்ஷயர் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. கறுப்பு வெள்ளைப் படத்தில் நிறம் தெரியாது. பலகையில் எழுதிய சொல்தான் சொல்கிறது.

மாதிரியிலும் ஒரு பொய் இருக்கிறது. உண்மைத் தண்டவாளங்களின் இடைவெளி 4 அடி 8½ அங்குலம். இந்த அளவில் அது 18.83 மில்லிமீட்டராக வர வேண்டும். ஆனால் எங்கள் பெட்டி நிற்பது 16.5இல். 1920களில் ஜேர்மனியின் பிங் நிறுவனம் செய்த மேசைப் புகையிரதம் இந்த இடைவெளியில்தான் வந்தது. பிரித்தானிய இயந்திரங்கள் ஒடுக்கமானவை. அன்றைய மோட்டார் அவற்றினுள் அடங்கவில்லை. ஆகவே உடலைப் பெருப்பித்தார்கள், தண்டவாளத்தை அப்படியே விட்டார்கள். 1938இல் ஹோர்ன்பி டப்ளோ வந்ததும் அதுவே வழக்கமாகிவிட்டது. பொறுக்க முடியாத சிலர் இன்றும் 18.83க்குத் தண்டவாளத்தைத் தாங்களே செய்கிறார்கள்.

கதவுக்கோட்டுக்கு வெள்ளை பூசிக்கொண்டிருந்தபோது மகள் கேட்டாள்: "அப்பா, உங்கட ஊர் கோச்சிக்குக் கிட் இல்லையோ?"

தேடினேன். கிடைக்கவில்லை. இலங்கையின் அகலப் பாதை 5 அடி 6 அங்குலம். இந்த அளவில் 22 மில்லிமீட்டர். 1905இல் வடபகுதிப் பாதை காங்கேசன்துறை வரை போனது. நான் சின்ன வயதில் சுன்னாகத்துக் கடவையில் நின்று சீமெந்துப் பெட்டிகளை எண்ணியிருக்கிறேன். 1990இல் வண்டி நின்றது. பிறகு தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் கிளப்பப்பட்டன. 2014இல் யாழ்ப்பாணம் வரை வண்டி மீண்டும் வந்தது, மறு ஆண்டில் காங்கேசன்துறைக்கும். ஆனால் வந்தவை வேறு வண்டிகள். நான் எண்ணிய பெட்டிகளுக்கு எத்தனை பலகை, கதவு எந்தப் பக்கம், எழுத்து என்ன நிறம்? எண்ணினேனே தவிர, பார்க்கவில்லை.

ஒரு கிட் வெளிவர ஒரு வரைபடம், ஒரு படம், வாங்க ஆட்கள் வேண்டும். எங்களிடம் இப்போதைக்கு இருப்பது அந்தப் பாதையில் வேலை செய்த மனிதர்களின் ஞாபகம். அவர்களில் பலருக்கு எழுபது தாண்டிவிட்டது.

ஸ்காபரோவில் இருக்கும் பெரியப்பாவுக்குப் போன் எடுத்தேன். அவர் அந்தப் பாதையில் கார்ட்டாக இருந்தவர். பெட்டியின் நிறம் என்ன என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தார்.

"நிறத்தை ஆர் பாத்தது, தம்பி? சீமெந்துத் தூசு. எல்லாம் ஒரே சாம்பல்தான். ஆனால் கதவின்ர கொளுக்கி ஞாபகமிருக்கு, கையைக் கிழிக்கும். பொறு, கீறிக் காட்டுறன்."

அடுத்த வாரம் கடிதத்தில் அந்தக் கொளுக்கியின் படம் வந்தது. பக்கத்தில் அளவு எழுதியிருந்தார், அங்குலத்தில். அதைத்தான் மகள் இப்போது நான்கால் பெருக்கிப் பன்னிரண்டால் வகுத்துக்கொண்டிருக்கிறாள்.