கேட்காதவரின் கடன்: ஸுபைர் (ரலி) குடும்பம் காட்டிய வரிசை

ஹிஜ்ரி 36ஆம் ஆண்டு (கி.பி. 656), பஸ்ராவுக்கு அருகே ஜமல் போர் நடந்த நாள். சுவனத்தைக் கொண்டு நற்செய்தி கூறப்பட்ட பத்து நபித்தோழர்களில் ஒருவரான ஸுபைர் பின் அவ்வாம் (ரலி) தம் மகன் அப்துல்லாஹ்வை அருகே அழைத்தார்கள். அன்று தாம் கொல்லப்படக்கூடும் என்று அவர்கள் எண்ணினார்கள். எனினும் உயிரைக் காட்டிலும் கடனே அவர்களைப் பெரிதும் வருத்தியது. கடன் போக நம் சொத்தில் ஏதேனும் மிஞ்சும் என்று நினைக்கிறாயா என மகனிடம் கேட்டார்கள். சொத்துகளை விற்றுக் கடனை அடைத்துவிடுமாறும், இயலாமல் போனால் தம் எஜமானனிடம் உதவி கேட்குமாறும் சொன்னார்கள். எஜமானன் யார் என்று மகன் கேட்டபோது, அல்லாஹ் என்று பதில் வந்தது.

ஸஹீஹ் புகாரியில் விரிவாகப் பதிவாகியுள்ள இந்நிகழ்ச்சியை நாம் பயான்களில் கேட்டிருக்கிறோம். அதன் பின்பகுதியை, அதாவது மகன் அந்தக் கடன்களை எந்த வரிசையில் தீர்த்தார் என்பதை, நாம் அதிகம் பேசுவதில்லை. பல பேருக்குக் கடன்பட்டு, யாருக்கு முதலில் கொடுப்பது என்று கலங்கும் குடும்பங்கள் நம்மிடையே பல உள்ளன. அவர்களுக்கு அந்தப் பின்பகுதியில் ஒரு பாடம் இருக்கிறது.

அமானிதம் கடனானது எவ்வாறு?

ஸுபைர் (ரலி) ஆடம்பரத்தால் கடன்பட்டவர் அல்லர். அவர்கள் ஆளுநர் பதவி வகித்ததில்லை. வரி வசூலிக்கும் பொறுப்பையும் ஏற்றதில்லை. மக்கள் அவர்களை நம்பித் தம் பணத்தை அமானிதமாக வைக்க வருவார்கள். அமானிதமாக வேண்டாம், கடனாகக் கொடுங்கள் என்று அவர்கள் கேட்டு வாங்கிக்கொள்வார்கள். பணம் தொலைந்துவிடுமோ என்ற அச்சமே அதற்குக் காரணம்.

இதன் நுட்பத்தை நாம் கவனிக்க வேண்டும். அமானிதப் பொருள் காப்பவரின் கவனக்குறைவு இல்லாமல் அழிந்துபோனால், அவர் ஈடு கொடுக்க வேண்டியதில்லை; இழப்பு கொடுத்தவரையே சேரும். கடனோ எந்நிலையிலும் திருப்பித் தரப்பட வேண்டியது. ஆகவே பிறருடைய இழப்பின் அபாயத்தை ஸுபைர் (ரலி) தம் தோளில் ஏற்றிக்கொண்டார்கள். இவ்வாறு சேர்ந்த கடனைக் கணக்கிட்டபோது 22 லட்சம் இருந்தது. கையிருப்பாக ஒரு தீனாரோ திர்ஹமோ இல்லை. மதீனாவில் 11 வீடுகள், பஸ்ராவில் 2, கூஃபாவில் 1, எகிப்தில் 1, இவற்றோடு மதீனாவை அடுத்த ஃகாபா என்னும் நிலம் ஆகியவையே இருந்தன.

மகன் செய்தவை

அப்துல்லாஹ் பின் ஸுபைர் (ரலி) முதலில் கடனின் முழுத் தொகையையும் கணக்கிட்டார்கள். அடுத்து ஃகாபா நிலத்தை விற்க முனைந்தார்கள். தந்தை 1,70,000க்கு வாங்கிய அந்நிலம் 16 லட்சமாக மதிப்பிடப்பட்டது. ஸுபைருக்குக் கடன் கொடுத்தவர்கள் ஃகாபாவுக்கு வந்து தம்மைச் சந்திக்கட்டும் என்று பொதுவில் அறிவித்தார்கள்.

வந்தவர்களில் ஒருவர் அப்துல்லாஹ் பின் ஜஅஃபர் (ரலி). அவருக்கு வரவேண்டியது 4 லட்சம். நீங்கள் விரும்பினால் அதை விட்டுவிடுகிறேன் என்றார், மகன் மறுத்தார். பிற்படுத்திக் கொடுக்கப்படும் கடன்களில் என்னுடையதையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றார். அதற்கும் மகன் இணங்கவில்லை. நிலத்தில் இன்ன இடத்திலிருந்து இன்ன இடம்வரை உங்களுக்கு என்று அளந்து கொடுத்து அக்கடனைத் தீர்த்தார்கள். பொறுத்துக்கொள்வதாகத் தாமே சொன்னவரையும் அவர்கள் காத்திருக்க வைக்கவில்லை.

கடன்கள் தீர்ந்தன, சொத்தும் மிஞ்சியது. உடன்பிறந்தோர் பாகப்பிரிவினை கேட்டார்கள். நியாயமான கோரிக்கைதான். ஆனால் அப்துல்லாஹ் (ரலி) சம்மதிக்கவில்லை. நான்கு ஆண்டுகள் ஹஜ் காலத்தில், ஸுபைரிடம் கடன் வரவேண்டியவர்கள் வந்து பெற்றுக்கொள்ளட்டும் என்று அறிவிப்பேன். அதன் பிறகே பங்கிடுவேன் என்றார்கள். அவ்வாறே ஆண்டுதோறும் அறிவித்தார்கள். நான்கு ஆண்டுகள் கழிந்த பின்னரே வஸிய்யத்தும் வாரிசுப் பங்குகளும் கொடுக்கப்பட்டன. ஸுபைரின் (ரலி) மனைவியர் நால்வருக்கும் ஆளுக்கு 12 லட்சம் கிடைத்தது என்றால், அக்குடும்பம் எவ்வளவு பெரிய செல்வத்தைத் தொடாமல் காத்திருந்தது என்பது விளங்கும்.

தெரிந்த கடன்காரர்கள் எல்லோருக்கும் கொடுத்தாகிவிட்டது. அந்த நான்கு ஆண்டுகள் தெரியாத கடன்காரருக்காக ஒதுக்கப்பட்டவை. தொலைவில் இருப்பவர், செய்தி எட்டாதவர், கேட்கக் கூச்சப்படுபவர் ஆகியோருக்கு வாரிசுகளுக்கு முந்திய இடம் அளிக்கப்பட்டது.

மார்க்கச் சட்டம் வகுத்த வரிசை

பிற்கால ஃபிக்ஹ் நூல்கள் இறந்தவரின் சொத்தில் பின்வரும் ஒழுங்கைக் கூறுகின்றன: ஜனாஸா செலவு, கடன்கள், மூன்றில் ஒரு பங்குக்கு மேற்படாத வஸிய்யத், இறுதியாக வாரிசுரிமை. அடகு வைக்கப்பட்ட பொருளின் மதிப்பில், அதை அடகாகப் பெற்றவருக்கே முதல் உரிமை.

அல்லாஹ்வுக்குரிய கடன்களான ஜகாத், ஹஜ் போன்றவற்றில் மத்ஹபுகள் வேறுபடுகின்றன. நிறைவேற்றாமல் விட்ட ஜகாத்தும் ஹஜ்ஜும் மனிதர்களின் கடனுக்கு முந்தியவை என்பது ஷாஃபிஈ மத்ஹபின் நிலைப்பாடு. ஹனஃபி மத்ஹபின்படி, இறந்தவர் வஸிய்யத் செய்திருந்தாலன்றி அவை சொத்திலிருந்து எடுக்கப்படா. மனிதர்களின் கடனே முந்தியது என்பது ஹனஃபி மத்ஹபின் நிலைப்பாடு. நம் ஊர்களில் இரு மத்ஹபினரும் வாழ்கிறோம். எனவே பாகப்பிரிவினைக்கு அமரும் முன் இதை ஆலிம்களிடம் கேட்டுக்கொள்வது நலம்.

சூரா அந்நிஸாவின் 11, 12ஆம் வசனங்களில் வஸிய்யத் முதலிலும் கடன் பின்னரும் சொல்லப்பட்டுள்ளன. ஆனால் நபி (ஸல்) கடனையே முந்தியதாகத் தீர்ப்பளித்தார்கள் என்று அலீ (ரலி) சுட்டிக்காட்டியதாக அறிவிப்பு உள்ளது. அப்படியானால் வஸிய்யத் முதலில் கூறப்பட்டது ஏன்? விரிவுரையாளர்கள் கூறும் விளக்கங்களில் ஒன்று நம் சிந்தனைக்குரியது. கடன் கொடுத்தவர் வாசலுக்கு வந்து வாதாடிக் கேட்பார். வஸிய்யத்துக்கு அவ்வாறு வற்புறுத்திக் கேட்க ஆளில்லை. வாரிசுகள் அதை எளிதில் மறந்துவிடுவார்கள். அதனால்தான் அது முன்னே வைக்கப்பட்டது. குரல் தாழ்ந்த உரிமை, சொல்லில் முதலிடம் பெற்றது.

உயிரோடிருப்பவரின் கடன் அவர் சொத்தை மிஞ்சிவிட்டால் என்ன செய்வது? வாங்கிய கனிகளில் நஷ்டமடைந்து பெருங்கடனில் மூழ்கிய ஒருவருக்குத் தர்மம் கொடுக்குமாறு நபி (ஸல்) மக்களிடம் கூறினார்கள். அதுவும் போதவில்லை. அப்போது கடன் கொடுத்தவர்களிடம், இருப்பதைப் பெற்றுக்கொள்ளுங்கள், அதற்கு மேல் உங்களுக்கு இல்லை என்று தீர்ப்பளித்தார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் இது பதிவாகியுள்ளது. போதாத சொத்தை அவரவர் கடனின் விகிதப்படி பகிர்வது என்பதே சட்ட அறிஞர்கள் வகுத்த பொது விதி. அதிகம் சத்தமிட்டவர் அதிகம் பெறுவதற்கு அங்கு இடமில்லை.

நம் வீட்டுக் கணக்கு

நம் வீடுகளில் கடன் எந்த வரிசையில் அடைபடுகிறது என்று பார்ப்போம். மாதந்தோறும் தொலைபேசியில் மிரட்டும் நிதி நிறுவனத்துக்கு முதலில் போகிறது. சீட்டுப் பணம், ஏலத்துக்கு வரவிருக்கும் அடகு நகை என அடுத்தவை தொடர்கின்றன. மளிகைக் கடைப் பற்று கொஞ்சம் கொஞ்சமாகத் தீர்கிறது. வெளிநாட்டு விசாவுக்காக லாத்தா கழற்றிக் கொடுத்த வளையல், மச்சான் கைமாற்றாகக் கொடுத்த தொகை, மனைவிக்குத் தருவதாகச் சொல்லி நிலுவையில் வைத்த மஹர் ஆகியவை கடைசியில் நிற்கின்றன. சில வீடுகளில் பட்டியலிலேயே இடம்பெறுவதில்லை. அவர்கள் கேட்பதில்லை என்பதே காரணம்.

மஹர் நன்கொடை அன்று. நிலுவையிலுள்ள மஹர் கணவர் மீதுள்ள கடன். அவர் மவுத்தானால், வாரிசுப் பங்கு பிரிக்கப்படும் முன் மற்றக் கடன்களோடு அதுவும் கொடுக்கப்பட வேண்டும்.

வட்டிக் கடனிலிருந்து விரைந்து விடுபடுவது மார்க்கக் கடமை. அதன் சுமையும் நாளுக்கு நாள் வளர்கிறது. ஆதலால் அதற்கு அவசரம் காட்டுவதில் தவறில்லை. ஆனால் அந்த அவசரம், லாத்தாவின் வளையலைப் பற்றி ஆண்டுக்கணக்கில் வாய் திறக்காமல் இருப்பதற்கு அனுமதி ஆகாது. இப்போது முழுவதும் தர இயலாது, இன்ன மாதத்திலிருந்து இவ்வளவு தருகிறேன் என்று நாமே சென்று சொல்வது செலவில்லாத காரியம். அவகாசத்தை அவரிடம் கேட்டுப் பெற வேண்டும்; அவருடைய மௌனத்திலிருந்து நாமே எடுத்துக்கொள்ளக் கூடாது. வசதி இருந்தும் கடனை இழுத்தடிப்பது அநியாயம் என்ற நபிமொழி, கேட்காதவரின் கடனுக்கும் பொருந்தும்.

நம் ஊர்களில் ஜனாஸா தொழுகைக்கு முன், மவுத்தானவருக்குக் கொடுக்கல் வாங்கல் இருந்தால் எங்களிடம் சொல்லுங்கள் என்று குடும்பத்தார் அறிவிப்பது வழக்கம். நல்ல வழக்கம். ஆனால் அது ஒரு நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. ஆண்கள் வரிசையில் நின்று கேட்கும் அந்த அறிவிப்பு, வளையல் கொடுத்த லாத்தாவின் காதில் பெரும்பாலும் விழுவதே இல்லை.

கடனை எழுதி வைக்குமாறு குர்ஆனின் மிக நீண்ட வசனம் (2:282) நமக்கு ஏவுகிறது. உயிரோடிருக்கும்போதே ஒரு தாளை எடுப்போம். யாருக்கு, எவ்வளவு, எப்போது வாங்கியது, எப்போது தருவதாகச் சொன்னது என்று எழுதுவோம். கேட்பவர்களின் பெயர்கள் தாமே நினைவுக்கு வரும். ஆகவே கேட்காதவர்களின் பெயர்களிலிருந்து அப்பட்டியலைத் தொடங்குவோம். கடன் சுமையிலிருந்து நம் அனைவரையும் வல்ல அல்லாஹ் காப்பானாக. ஆமீன்.