ஆய்வேடும் ஆண்டு மலரும்

ஆவணக் காப்பகம் என்றதும் நம்மில் பலருக்குத் தூசி படிந்த காகிதக் கட்டுகளும் பூட்டிய அலமாரிகளும்தான் நினைவுக்கு வருகின்றன. அது பேராசிரியர்களுக்கு உரிய இடம், நமக்கு அங்கே என்ன வேலை என்று ஒதுங்கிவிடுகிறோம். ஆனால் சிங்கப்பூர்த் தமிழரின் வரலாற்றை எழுத வேண்டுமானால் அந்த அலமாரிகளைத் திறந்தே ஆகவேண்டும். அவற்றில் என்னென்ன வகை ஏடுகள் இருக்கின்றன, அவை எப்படி வந்து சேர்ந்தன, எவை இன்னும் வந்து சேரவில்லை என்பதைச் சற்று எண்ணிப் பார்ப்போம்.

ஒரு பழைய செய்தித்தாளிலிருந்து தொடங்கலாம். 1887ஆம் ஆண்டில் சி. கு. மகுதூம் சாயபு 'சிங்கை நேசன்' என்ற வார இதழைத் தொடங்கினார். அது 1890 வரை வெளிவந்து நின்றுபோனது. பல்லாண்டுகளுக்குப் பிறகு, ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கும் பணியிலிருந்த எழுத்தாளர் நா. கோவிந்தசாமி அந்த இதழை ஆய்வாளரின் கண்கொண்டு படித்தார். அதில் 1888இல் வெளியான 'வினோத சம்பாஷணை'யை ஒரு சிறுகதையாகவே கொள்ள வேண்டும் என்று வாதிட்டார். அந்த வாதத்தை ஏற்பவரும் உண்டு, மறுப்பவரும் உண்டு. ஆனால் இதழ் அழிந்துபோயிருந்தால் வாதத்திற்கே இடமிருந்திருக்காது. அன்று வாங்கிப் படித்துவிட்டுப் பொட்டலம் மடிக்கக்கூடிய தாள்தான், இன்று நம் இலக்கிய வரலாற்றின் தொடக்கத்தை முடிவுசெய்யும் சான்றாக நிற்கிறது.

இரண்டாவது செய்தி, சாமானிய மக்கள் சேர்த்த நூலகம் பற்றியது. 1950களில் மலாயாப் பல்கலைக்கழகம் சிங்கப்பூரில் இருந்தது. அங்கே இந்திய இயல் துறை அமைக்க ஏற்பாடு நடந்தபோது, சமஸ்கிருதத்துக்கு முதலிடமா, தமிழுக்கு முதலிடமா என்ற விவாதம் எழுந்தது. 'தமிழ் முரசு' நிறுவனர் கோ. சாரங்கபாணி தமிழுக்காகக் குரல் கொடுத்ததோடு நிற்கவில்லை. 'தமிழ் எங்கள் உயிர்' என்ற பெயரில் நிதி திரட்டினார். ஆளுக்கு ஒரு வெள்ளி என்பது அவர் கேட்டது. பல்கலைக்கழக வாசலை மிதித்தறியாத தொழிலாளர்களும் கொடுத்தார்கள். 1956இல் துறை தொடங்கியது. சில ஆண்டுகளிலேயே அது கோலாலம்பூருக்கு இடம் மாறியது. 1961இல் அங்கே பொறுப்பேற்ற தனிநாயகம் அடிகள், 1966 ஏப்ரலில் முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டை அந்நகரிலேயே நடத்தினார். அதன் கட்டுரைத் தொகுப்புகள் இன்றும் ஆய்வாளர்களுக்குப் பயன்படுகின்றன. ஒரு வெள்ளி கொடுத்த அந்த உழைப்பாளிகளுக்கும் அந்தப் பெருமையில் பங்குண்டு அல்லவா?

கல்விக் காப்பகத்தில் இருப்பவை எல்லாம் ஒரே குரலில் பேசுவதில்லை. இதை நாம் முக்கியமாகக் கவனிக்க வேண்டும். சங்கங்களும் பள்ளிகளும் வெளியிடும் ஆண்டு மலர், யார் தலைவர், யார் நன்கொடையாளர், எத்தனை மாணவர் தேறினார் என்று சொல்லும். பெரும்பாலும் பாராட்டியே எழுதும். செய்தித்தாள் சச்சரவுகளையும் சேர்த்துச் சொல்லும். பட்ட ஆய்வேடோ, மலர் கேட்கத் தயங்கும் கேள்வியைக் கேட்கும். சிங்கப்பூர் இந்தியரிடையே சாதி அமைப்பு எப்படி மாறிவருகிறது என்பதை அ. மணி 1977இல் சிங்கப்பூர்ப் பல்கலைக்கழக ஆய்வேட்டுக்குப் பொருளாக எடுத்துக்கொண்டார். எந்த ஆண்டு மலர் அதற்குப் பக்கம் ஒதுக்கியிருக்கும்? கெர்னியல் சிங் சந்துவின் 1969ஆம் ஆண்டு நூல், 1786 முதல் 1957 வரை இந்தியர் மலாயாவுக்கு வந்த கதையைப் புள்ளிவிவரங்களோடு சொல்கிறது. அந்த எண்களுக்குப் பின்னால் இருந்த முகங்களைக் காண வேண்டுமானால் மறுபடியும் மலர்களிடமும் செய்தித்தாள்களிடமும்தான் போக வேண்டும். ஒன்றை வைத்து மற்றொன்றைச் சரிபார்ப்பதுதான் ஆய்வு.

இங்கே ஒரு சிக்கலும் இருக்கிறது. நம்மைப் பற்றிய ஆய்வேடுகளில் பல ஆங்கிலத்தில் பல்கலைக்கழக நூலகங்களில் இருக்கின்றன. நாமே எழுதிய தமிழ் மலர்கள் பல வீட்டுப் பரண்களில் கிடக்கின்றன. இரண்டும் சந்தித்தால்தான் வரலாறு முழுமை பெறும். உமறுப்புலவர் தமிழ் உயர்நிலைப் பள்ளி 1982இல் மூடப்பட்டது. அங்கே படித்தவர்கள் இன்று பாட்டன் பாட்டிகள். அவர்கள் வீடு மாறும்போதும், பிள்ளைகள் அலமாரியைக் காலி செய்யும்போதும் ஒரு மலர் குப்பைக்குப் போனால், அதன் கடைசிப் படியே போயிருக்கலாம்.

மற்ற இடங்களில் என்ன செய்தார்கள்? கோட்டையூர் ரோஜா முத்தையா நூல்களோடு துண்டறிக்கைகளையும் அழைப்பிதழ்களையும் சேர்த்து வைத்தார். அவர் 1992இல் மறைந்த பின், சிகாகோ பல்கலைக்கழகம் அத்தொகுப்பை வாங்கிச் சென்னையிலேயே ஆய்வு நூலகமாக நிலைநிறுத்தியது. யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981இல் எரிக்கப்பட்டதை நாம் அறிவோம். அந்தப் பாடத்தை மறவாத ஈழத் தமிழர், 2005இல் 'நூலகம்' என்ற மின்னூலக முயற்சியைத் தொடங்கிப் பாடசாலை மலர்களையும் நினைவு மலர்களையும்கூட மின்வடிவாக்கி வருகின்றனர். நம் நாட்டிலும் அருண் மகிழ்நன் தலைமையில் தொண்டூழியர்கள் 1965க்குப் பிந்திய தமிழ் இலக்கிய நூல்களைத் தேடித் திரட்டினார்கள். நாட்டின் பொன்விழா ஆண்டான 2015இல் அவை மின்தொகுப்பாயின.

இனி துவாசுக்கு வருவோம். கப்பல் பட்டறைகளும் தொழிற்சாலைகளும் தங்கும் விடுதிகளும் நிறைந்த அந்த மேற்குக் கோடியில் எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். 2014இல் தொடங்கிய வெளிநாட்டு ஊழியர் கவிதைப் போட்டியில் வங்காளக் கவிதைகளோடு தமிழ்க் கவிதைகளும் மேடை ஏறின. கைத்தொலைபேசியில் எழுதிய கவிதை, விடுதிப் பொங்கல் விழாவுக்கு அச்சடித்த நான்கு பக்கத் தாள் போன்றவையும் ஆவணங்களே. 1888இன் இதழைப் போல, இவற்றின் மதிப்பும் பின்னால் வருபவர்களுக்கே தெரியும்.

சட்டமும் நமக்குத் துணை நிற்கிறது. இங்கு அச்சாகி வெளியிடப்படும் நூலின் இரண்டு படிகளை நான்கு வாரத்திற்குள் தேசிய நூலக வாரியத்திடம் ஒப்படைக்க வேண்டும். மலர் வெளியிடும் சங்கங்கள் இதை மறக்கக்கூடாது. ஊழியர் நண்பர்களுக்கும் ஒரு சொல். துவாஸ் லிங்க் நிலையத்தில் ஏறினால் ரயில் மாறாமலேயே பூகிஸ் வந்து இறங்கலாம். அங்கிருந்து தேசிய நூலகம் நடை தூரம்தான். ஞாயிற்றுக்கிழமை தேக்காவுக்கு வருகிறவர்கள் ஒருமுறை அங்கேயும் எட்டிப் பாருங்கள். தமிழ் நூல்கள் உங்களுக்காகவும்தான் காத்திருக்கின்றன.

அன்று ஒரு வெள்ளி கேட்டார்கள், கொடுத்தோம். இன்று கேட்பது பரணில் கிடக்கும் பழைய மலரைத்தான். அதைத் தூக்கி எறியுமுன் நூலகத்தை ஒரு வார்த்தை கேளுங்கள்.