ஆபுத்திரனும் அயல்நாடு சென்ற மகவும்

சென்னைக்கு மேற்கே அமைந்த முகப்பேர் என்னும் ஊர்ப்பெயர் மகப்பேறு என்பதன் மரூஉ என்று மக்கள் கூறுவர். அங்குள்ள சந்தான சீனிவாசப் பெருமாள் கோயிலில் மகவு வேண்டி வழிபடுவோர் இன்றும் பலர். மகவை வேண்டுவோரின் ஏக்கம் இங்ஙனம் ஊர்வழக்கில் நிலைத்துள்ளது. பிறர் இல்லத்தில் மகவாய் வளர்ந்தோரின் உள்ளத்தைக் காட்டும் நூல் தமிழில் உண்டோ என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

இவ்வினா இலக்கிய அளவில் நிற்பதன்று. தமிழகத்தில் பிறந்து, குழந்தைப் பருவத்திலேயே மேலைநாடுகளுக்குத் தத்தாகச் சென்றோருட் சிலர், வளர்ந்தபின் தம் தாயரைத் தேடி ஈண்டு வருகின்றனர். அயல்நாட்டார் 1890ஆம் ஆண்டுக் காப்பாளர் சட்டத்தின்வழி நீதிமன்ற ஆணை பெற்றுக் குழந்தைகளைக் கொண்டு செல்வதே முன்னாளைய வழக்கம். இலட்சுமி காந்த் பாண்டே வழக்கில் உச்ச நீதிமன்றம் 1984இல் வழங்கிய தீர்ப்பே இதற்குத் தனி நெறிகளை வகுத்தது. 1993ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கை, குழந்தையின் பிறப்புப் பற்றிய செய்திகளைக் காத்தல் அரசின் கடன் என்றது. இந்தியா அதனை 2003இல் ஏற்றது.

சட்டம் அண்மையில் உணர்ந்த இவ்வுரிமையை மணிமேகலை பண்டே கதையாக்கியுள்ளது. சாலி என்பாள் தோட்டத்தில் கைவிட்ட மகவுக்கு ஆவொன்று ஏழு நாள் பாலூட்டிற்று. வயனங்கோட்டு இளம்பூதி அம்மகவைத் தன் மகனாகக் கொண்டு வளர்த்தான். வேள்விப் பசுவை மீட்டதனால் பகை கொண்ட அந்தணர், பலர் நடுவே அவன் பிறப்பை இழித்துரைத்தனர். வளர்த்த தந்தையும் அவனை இல்லத்தினின்று நீக்கினான்.

மணிபல்லவத்தில் உயிர் நீத்த ஆபுத்திரன், சாவக நாட்டில் மீண்டும் ஆவயிற்றுப் பிறந்து, பூமிசந்திரன் என்னும் வேந்தனுக்கு வளர்ப்பு மகனாகிப் புண்ணியராசன் எனப்பட்டான். தன் பிறப்பை வளர்த்த தாயாகிய அமரசுந்தரியின் வாயிலாகவே கேட்டறிந்து வருந்தினான். பின்னர்க் கடல் கடந்து மணிபல்லவம் அடைந்து, தன் முன்னை உடம்பின் என்பினைக் கண்டான்.

கடல் கடந்தது பிறவியேயன்றித் தத்தன்று எனச் சிலர் மறுக்கலாம். அது மெய்யே. ஆயினும் ஒரு நாட்டில் வளர்ந்தான் தன் தோற்றத்தின் சான்றை மற்றொரு நாட்டு மணலில் தேடிக் காண்டல், இன்று தாயரைத் தேடி வருவோர் நிலையோடு ஒத்ததேயாம்.

ஒரே உண்மை இருவகையாக வெளிப்படுதல் ஈண்டுக் கருதத்தக்கது. பகைவர் வாயால் வெளிப்பட்டபோது அது மகனை வீடிழக்கச் செய்தது. தாயின் வாயால் வெளிப்பட்டபோது துயர் தந்ததேனும் உறவை அறுத்திலது. என்பு கண்டு கலங்கிய அரசனை, நாடு திரும்பி அறம் புரியுமாறே மணிமேகலை பணிக்கின்றாள். தோற்றத்தை அறிந்த மகவு வளர்த்தோரைத் துறந்துவிடும் என்னும் அச்சத்திற்குச் சாத்தனார் தந்த விடை இதுவாகும். வேர் தேடி வருவார்க்கு நாம் எடுத்து வழங்கத்தக்க தமிழ்நூல்களுள் மணிமேகலை முதலாவது எனல் பொருந்தும்.